முகங்காணாப் பணியாளரும் முதலாளியின் கடமையும்

(இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு)

கடை என்றால் கல்லாப்பெட்டியும், அதன் அருகே சாய்வுமேசையும், மேசைக்குப் பின்னே கணக்குப்பிள்ளையும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. முதலாளிக்கு வலக்கையாக விளங்கியவர் அவரே. இன்றோ, கடையின் வாசற்படியை ஒருநாளும் மிதிக்காமல், அக்கடையின் கடிதங்களையும் பட்டியல்களையும் பாக்கிக் கணக்கையும் எங்கோ ஓர் ஊரிலிருந்து கவனித்துக் கொள்ளும் புதிய கணக்குப்பிள்ளை தோன்றியிருக்கிறார். 'விர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்று ஆங்கிலத்திலும், 'மெய்நிகர் உதவியாளர்' என்று தமிழிலும் அவரைக் குறிப்பிடுகின்றனர். மெய்யைப் போன்றவர் என்று பொருள்படும் இப்பெயர் எனக்கு உடன்பாடன்று. அவர் மெய்யைப் போன்றவர் அல்லர்; மெய்யான மனிதர். ஆகவே 'தொலைப்பணி உதவியாளர்' என்றே இக்கட்டுரையில் வழங்குகிறேன்.

இம்முறை நேற்று முளைத்ததன்று. வேலைக்கு மனிதன் செல்வதற்குப் பதிலாக மனிதனிடம் வேலை செல்லட்டும் என்னும் கருத்துக்கு 1973ஆம் ஆண்டிலேயே ஜாக் நில்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 'டெலிகம்யூட்டிங்' என்று பெயர் சூட்டினார். 2007இல் டிம் ஃபெரிஸ் எழுதிய நூலொன்று, கடல் கடந்த நாட்டு உதவியாளரைச் சிறு தொழில் செய்வோரும் அமர்த்திக் கொள்ளலாம் என்பதைப் பலரறியச் செய்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் எண்ணற்ற இளைஞர்கள் இதையே தொழிலாகக் கொண்டனர். 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு, வீட்டிலிருந்தும் அலுவல் நடக்கும் என்பதை நம் ஊர் வணிகர்களுக்கும் காட்டிவிட்டது. இன்று நம் கரூரிலும் மேசை விரிப்பும் திரைச்சீலையும் செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் சில இத்தகைய உதவியாளரை அமர்த்தத் தொடங்கியுள்ளன.

ஆனால் என்ன கேட்கிறோம்? "வைத்துப் பார்த்தேன், பயனில்லை" என்னும் சலிப்பையே பெரிதும் கேட்கிறோம். பழி முழுவதும் பணியாளர் மீதே விழுகிறது. இது சரியா? சரியன்று என்பதே என் கருத்து. தொலைப்பணி உதவியாளர் தோற்பது பெரும்பாலும் அவருடைய திறமைக் குறைவால் அன்று. அவரைப் பணியில் சேர்க்கும் முறையின் குறைவால்தான்.

நானறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நம் கல்லூரியில் வணிகவியல் முடித்த அக்கா ஒருவர், துணி ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் இவ்வாறு சேர்ந்தார். முதல் நாளே மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் அவரைச் சேர்த்தனர். நூற்றுக்கணக்கான கோப்புகளை அனுப்பினர். "எல்லாம் அதில் இருக்கும்மா, பார்த்துக்கொள்" என்றார் முதலாளி. விலை கேட்டு ஒரு கடிதம் வந்தது. கோப்பில் கண்ட விலைப்பட்டியலை அக்கா அனுப்பினார். அதுவோ நூல் விலை ஏறுவதற்கு முந்திய பட்டியல்! புதிய விலை முதலாளியின் மனத்தில் இருந்தது, ஏட்டில் இல்லை. பதினொன்றாம் நாள் அக்காவுக்கு வேலை போயிற்று. முதலாளிக்கோ ஒரு வாடிக்கையாளர் போனார். இருவரில் யாருக்கும் இலாபமில்லை.

பழைய கடைகளில் பையன்கள் எவ்வாறு தொழில் கற்றனர்? முதலில் கடையைப் பெருக்கினர்; எடை போட்டனர்; சரக்கு கட்டினர். பின்னர் சிட்டை எழுதினர். அதன்பின் பேரேட்டைத் தொட்டனர். கல்லாச் சாவி கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. ஆயினும் முதலாளி தொலைபேசியில் பேசுவதும், தரகரிடம் பேரம் செய்வதும், கடன் கேட்டு வருபவரை நயமாகத் திருப்பி அனுப்புவதும் நாள்தோறும் அவர்கள் காதில் விழுந்தன. காதுவழிக் கல்வியே அவர்களை வணிகராக்கியது. தொலைவில் இருப்பவருக்கு அந்தக் காது இல்லை. அருகிலிருப்பவர் கேட்டுக் கற்றதைத் தொலைவிலிருப்பவர் படித்துத்தான் கற்க வேண்டும். ஆகவே, சொல்லாமலே விளங்கியவற்றை எல்லாம் எழுதி வைப்பது முதலாளியின் முதற் கடமையாகிறது.

முதலில் வேலையை வரையறுக்க வேண்டும். 'எல்லாவற்றையும் பார்த்துக்கொள்' என்பது வேலையன்று. அடிக்கடி வருவதும், ஒரே முறையில் செய்யத்தக்கதுமான இரண்டு மூன்று வேலைகளே தொடக்கத்துக்குப் போதும். விசாரணைக் கடிதங்களுக்கு விடை எழுதுதல், பாக்கிதாரருக்கு நினைவூட்டுதல், கொள்முதல் பில்களைத் திரட்டுதல் போன்றவை ஏற்றவை. சரக்கு மற்றும் சேவை வரிக்கு மாதந்தோறும் கணக்களிப்போர், விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரிக்குரிய சுருக்கக் கணக்கை 20ஆம் தேதிக்குள்ளும் அளித்தாக வேண்டும். பில்கள் 5ஆம் தேதிக்குள் ஒழுங்காகத் திரண்டுவிட்டால் தணிக்கையாளருக்கும் நிம்மதி. முதலாளிக்கும் உறக்கம் வரும்.

இரண்டாவது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும். எப்போது செய்வது, எந்த ஏட்டைப் பார்ப்பது, எந்தத் தொகைக்கு மேல் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது, ஐயம் வந்தால் யாரைக் கேட்பது என்னும் நான்குக்கும் அதில் விடை இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன அக்காவிடம், 'விலை சொல்லுமுன் என்னைக் கேள்' என்னும் ஒரே வரி இருந்திருந்தால் அந்த வேலை பிழைத்திருக்கும்.

மூன்றாவது சாவிக் கொத்து. சிலர் ஐயத்தால் எதையும் கொடுப்பதில்லை. வேறு சிலர் அசதியால் தம் கடவுச்சொல்லையே கொடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணையும் சொல்லிவிடுகின்றனர். இரண்டும் தவறு. டேலி கணக்கு மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர் கொடுத்து, அவர் காணத்தக்கவற்றை மட்டும் காணச் செய்யலாம். இ-வே பில் தளத்தில் துணைப் பயனரை உருவாக்கலாம். நிறுவனங்களுக்கான வங்கிச் சேவைகளில், ஒருவர் பதிவு செய்ய மற்றொருவர் ஒப்புதல் தரும் முறை உண்டு. பதிவு உதவியாளருடையதாகவும் ஒப்புதல் முதலாளியுடையதாகவும் இருக்கட்டும். இன்னின்ன கதவுகளை இவருக்குத் திறந்தோம் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்தால், அவர் விலகும் நாளில் அவற்றை அடைப்பதும் எளிது. இது பணியாளரை நம்பாமையன்று. நாளை ஒரு தொகை குறைந்தால் அவர் மீது வீண்பழி விழாதபடி காக்கும் அரண்.

நான்காவது, பழகும் காலம். முதல் வாரம் பார்க்கட்டும். இரண்டாம் வாரம் அவர் செய்து, முதலாளி சரிபார்த்து அனுப்பட்டும். மூன்றாம் வாரம் தாமே செய்யட்டும். காலையில் கால்மணி நேரப் பேச்சும், மாலையில் 'செய்தவை, நின்றவை, ஐயங்கள்' என்று மூன்று வரிக் குறிப்பும் போதும். இரவு பத்து மணிக்குக் கைபேசியில் அழைப்பது மேற்பார்வை ஆகாது.

'இத்தனையும் எழுத எனக்கு நேரமேது? நேரமில்லை என்றுதானே ஆள் வைக்கிறேன்' என்று முதலாளிகள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் எழுதாத முதலாளி அதே விளக்கத்தை ஒவ்வொரு புதிய ஆளுக்கும் மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுதிய ஏடோ ஆள் மாறினாலும் கடையிலேயே தங்குகிறது. முதலாளி நோயுற்றுப் படுத்தாலும் தொழிலை நடத்துகிறது.

'எழுதிவிட்டால் செயற்கை நுண்ணறிவே செய்துவிடுமே, ஆள் எதற்கு?' என்று வேறு சிலர் வினவுவர். கடிதத்தின் வரைவை எந்திரம் நொடியில் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாகத் தவணை தவறாத ஒருவர் இம்மாதம் தவறினால், அவருக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்புவதா, நலம் விசாரிப்பதா? இதை முடிவு செய்து, அம்முடிவுக்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும்.

திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' 51ஆம் அதிகாரம்; 'தெரிந்து வினையாடல்' 52ஆம் அதிகாரம். ஆளை ஆராய்ந்து தெளிவது முன். தெளிந்தவரிடம் வேலையை ஒப்படைப்பது பின். ஆராயாமல் நம்புவதும், நம்பியவரை ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்று வள்ளுவர் எச்சரிக்கிறார். ஓலைச்சுவடிக் காலத்து அறிவுரை, ஓடிபி காலத்துக்கும் பொருந்துவது வியப்பன்றோ!

பணியாளருக்கும் கடமைகள் உண்டு. ஐயத்தை மறைக்காமல் கேட்க வேண்டும். பிழை நேர்ந்தால் அன்றே சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் நம் வீட்டுத் திண்ணைப் பேச்சுக்குரியவை அல்ல. தனிநபர் தரவைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அதேபோல், வேலை நேரம், ஊதியம், ஊதியத் தேதி, விலகுவதற்குரிய முன்னறிவிப்பு ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறவும் தயங்கக் கூடாது. பத்துப் பேர்கூட இல்லாத கடைகளில் வருங்கால வைப்பு நிதி கட்டாயமில்லை. அங்கே பணியாளருக்கு அந்த ஒரு தாள்தான் துணை.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் கல்லூரியில் பட்டம் பெறும் மாணவியர் பலர், சென்னைக்கோ கோவைக்கோ சென்று விடுதியில் தங்கி வேலை பார்க்க வீட்டார் இசைவதில்லை. திருமணத்துக்குப் பின் பட்டச் சான்றிதழ் பெட்டிக்குள் போய்விடுகிறது. தொலைப்பணி அந்தப் பெட்டியைத் திறக்கும் சாவிகளுள் ஒன்று. ஒரு முதலாளி முறையின்றிச் சேர்த்து, பதினொன்றாம் நாள் விலக்கும்போது, போவது ஒரு வேலை மட்டுமன்று. "படித்தும் இவளுக்கு ஒன்றும் வரவில்லை" என்னும் சொல் அவ்வீட்டில் நிலைத்துவிடுகிறது. அடுத்த தங்கையின் படிப்பும் அச்சொல்லால் தடுமாறுகிறது.

எனவே வணிகப் பெருமக்களே, ஆளைத் தேடுமுன் ஒரு நாள் அமர்ந்து உங்கள் தொழிலை எழுதுங்கள். மாணவ நண்பர்களே, பேரேட்டுப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், ஒரு வேலையைப் பிறர் செய்யும்படி தெளிவாக எழுதவும், எழுதியதைப் படித்துச் செய்யவும் பழகுங்கள். நம் வணிகவியல் துறையும் இதற்கென ஆண்டுக்குச் சில வகுப்புகள் ஒதுக்கினால் நன்று. முகம் காணாமல் நட்பு வளரலாம். முறை இல்லாமல் பணி வளராது.