கிர்க்வாலில் ஒரே ஒரு குகைதான்

டிராகன் ஏஜ் 2 ஆடினவங்க யாரைக் கேட்டாலும் முதலில் வருவது அந்தக் குகைதான். கடற்கரையில் ஒரு குவெஸ்ட், போனால் அந்தக் குகை. மலையில் வேற குவெஸ்ட், அங்கேயும் அதே குகை. உள்ளே கடத்தல்காரங்க இருந்தாலும் சரி, சிலந்தி இருந்தாலும் சரி, சுவர் மாறாது. இந்தத் தடவை இடது பக்க வழியைக் கல் வைத்து அடைத்திருப்பாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். அடைச்சதையாவது ஒழுங்கா அடைச்சாங்களா? மூலையில் இருக்கிற மினிமேப்பில் முழுக் குகையும் பல்லைக் காட்டிட்டு நிற்கும்.

முதல் பாகமான ஆரிஜின்ஸ் முடிச்ச சூட்டோட இதைத் தொட்டேன். கழுவி ஊத்தி ஒரு கட்டுரை எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். கட்டுரை வேற மாதிரி வந்துடுச்சு.

ஆரிஜின்ஸ் 2009 நவம்பரில் வந்தது. 2004-லேயே அறிவிச்சு, வருஷக்கணக்கில் செதுக்கின கேம். நம்ம கதாபாத்திரம் எங்கே பிறந்தது என்பதற்கே ஆறு தொடக்கம். அப்புறம் ஊர் ஊரா போய்ப் படை திரட்டி, ஆர்ச்டீமனைக் கொன்று, நாட்டைக் காப்பாத்தலாம். அடுத்த பாகம் 2011 மார்ச்சில், அதாவது பதினாறே மாதத்தில் வந்துச்சு. ஆறு தொடக்கம் போச்சு. ஹாக் என்ற மனிதன் மட்டும்தான். நாடு போச்சு, கிர்க்வால் என்ற ஒரு நகரமும் அதன் சுற்றுப்புறமும்தான். சண்டையில் எதிரிகளை முடிச்சு மூச்சு விடுறதுக்குள்ள கூரையிலிருந்து இன்னொரு கூட்டம் குதிக்கும். ரசிகர்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான்.

ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு குற்றச்சாட்டு மட்டும் எனக்கு உறுத்துது: "நாம என்ன முடிவு எடுத்தாலும் எதுவும் மாறல." மாறல, உண்மைதான். ஆனா எல்லா இடத்திலும் அது ஒரே காரணத்தால் மாறாமல் இருக்கா?

ஹாக் ஒரு அகதி. ஊர் அழிஞ்சு, அம்மாவோட கப்பல் ஏறி வந்தவன். தாய்மாமன் குடும்பச் சொத்தைத் தொலைச்சுட்டு உட்கார்ந்திருக்கார். முதல் அத்தியாயம் முழுக்க நீங்க செய்யும் மகத்தான சாதனை என்ன தெரியுமா? ஒரு பயணத்தில் பங்கு போட ஐம்பது பொற்காசு சேர்க்கிறது. அப்புறம் கதை மூணு வருஷம் தாவுது, அப்புறம் இன்னொரு மூணு வருஷம். அதே தெரு, அதே துறைமுகம். இடையில் நீங்க பணக்காரர் ஆகுறீங்க, நகரம் கெட்டுப் போகுது. துறைமுகத்தில் குனாரிப் படை கப்பல் உடைஞ்சு மாட்டிக்கிட்டு வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கு. எல்லாருக்கும் தெரியும் ஒரு நாள் வெடிக்கும்னு. யாரும் எதுவும் செய்யல. ஒரே நகரத்தில் கதையை வைத்ததற்குப் பட்ஜெட் காரணமா இருக்கலாம். ஆனா பத்து ஊர் சுத்தியிருந்தா இந்தப் புழுக்கம் வந்திருக்காது.

ஆண்டர்ஸை எடுத்துக்கோங்க. மந்திரவாதிகளைப் பூட்டி வைக்கும் முறைக்கு எதிரா எரிஞ்சுக்கிட்டே இருக்கிற வைத்தியன். மூணாவது அத்தியாயத்தில் ஒரு மருந்துக்குன்னு சொல்லி உங்களை இரண்டு பொருள் தேடச் சொல்றான். அதில் ஒன்றின் பேர் சேலா பெட்ரே, சாக்கடையில் கிடைக்கும். நான் நல்லபிள்ளையா பொறுக்கிக் கொடுத்தேன். சால்ட்பீட்டர் என்ற பேரோடு ஒத்துப் போகுதேன்னு சாண்ட்ரி கோவில் வெடிச்சுச் சிதறினப்புறம்தான் உறைச்சுது. தமிழில் அதுக்கு வெடியுப்புன்னே பேர். தமிழில் ஆடியிருந்தா மாட்டியிருக்க மாட்டேன்! பொறுக்கிக் கொடுக்க மாட்டேன்னு மறுத்தாலும் கோவில் வெடிக்கத்தான் செய்யும். ஏன்னா அது அவனோட முடிவு, என்னோடது இல்ல. கூட வர்றவன் என் பொம்மை இல்லன்னு ஒரு கேம் சொல்வது அபூர்வம். இது நான் ரசிச்ச "மாறல".

அடுத்து ரசிக்க முடியாத "மாறல". கடைசியில் மந்திரவாதிகள் பக்கமா, டெம்ப்ளர்கள் பக்கமான்னு கேட்பாங்க. நான் மந்திரவாதிகள் பக்கம் நின்னேன். அவங்க தலைவர் ஓர்சினோ, நான் பக்கத்திலேயே நின்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்போது, விரக்தியில் பிணங்களை ஒட்டி ஒரு பூதமா மாறி என்னையே அடிக்க வர்றார். டெம்ப்ளர் பக்கம் போனாலும் அவரை அடிக்கணும், எந்தப் பக்கம் போனாலும் மெரடித்தையும் அடிக்கணும். இங்கே யாருடைய குணமும் பேசல. இரண்டு பாஸ் ஃபைட் வேணும், அவ்வளவுதான். இதையும் "வாழ்க்கையில் எல்லாம் நம்ம கையில் இல்ல"ன்னு தத்துவம் பேசிக் காப்பாத்தும் ரசிகர்களோடு எனக்கு ஒத்துப் போகல. இது அந்தக் குகையோட தம்பி.

"பதினாறு மாசத்தில் இவ்வளவு செஞ்சதே பெரிசு" என்பாங்க. குகை ஏன் ஒண்ணா இருக்குன்னு அது விளக்கும். அதுக்காக அதே குகைக்குள்ள ஏழாவது தடவை நுழையும்போது கொட்டாவி வராம இருக்காது.

ஆனா பாராட்ட வேண்டியதைப் பாராட்டணும்ல? ஆரிஜின்ஸில் கூட்டாளிக்கு உங்களைப் பிடிக்கலன்னா, பரிசா கொடுத்து ஐஸ் வைக்கலாம். இங்கே நட்புக்கு எதிர்ப்பக்கம் போட்டின்னு ஒண்ணு இருக்கு. ஃபென்ரிஸ் மந்திரவாதிகளுக்கு அடிமையா இருந்தவன், அவங்களை வெறுக்கிறவன். நான் அவங்களுக்குப் பரிஞ்சு பேசப் பேச எங்களுக்குள் போட்டிதான் ஏறுச்சு. ஆனாலும் விட்டுப் போகல, கூடவே நின்னு திட்டினான். கருத்து ஒத்துப் போகாத நண்பனை இப்படி எழுதின கேம் எத்தனை இருக்கு?

இன்னும் ஒரு இடம் சொல்லணும். நான் ரோக், அதனால் தங்கை பெத்தனி பிழைச்சிருந்தா. அவ ஒளிஞ்சு வாழும் மந்திரவாதி. ஐம்பது பொற்காசு சேர்த்துக் கிளம்பும்போது அம்மா வந்து, அவளையாவது விட்டுட்டுப் போன்னு கெஞ்சறாங்க. முதல் தடவை கேட்கல. சுரங்கத்தில் நோய் தொத்தி என் கையாலேயே முடிஞ்சா. பழைய சேவை லோட் பண்ணி, அம்மா சொன்ன மாதிரி வீட்டில் விட்டுட்டுப் போனேன். பணக்காரனாத் திரும்பி வந்தா, வாசலில் டெம்ப்ளர்கள் அவளைக் கூட்டிட்டுப் போகத் தயாரா நிக்கிறாங்க. மூணாவது தடவை ஆண்டர்ஸையும் அவளையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போனேன். பிழைச்சா, ஆனா கிரே வார்டன் ஆகி அவங்களோட போயிட்டா.

நாலாவது வழி இருக்கான்னு ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். அப்புறம் அந்த இரண்டாவது சேவிலேயே தொடர்ந்து ஆடினேன்.