மிச்சம் மூணு இருக்கே!

கார் சக்கரத்தில் ஒரு ஸ்டட்டு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே யாராவது ஒருவர் ஆறுதல் சொல்ல வந்துவிடுவார். "ஒண்ணுதானே போச்சு, மிச்சம் மூணு இருக்கே, ஓட்டலாம் சார்!" சொல்பவர் பஞ்சர் கடைக்காரராகவும் இருக்கலாம், எதிர்வீட்டு மாமாவாகவும் இருக்கலாம். கேட்பவருக்கும் அது இனிக்கிறது. செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம்.

இந்தக் கணக்கு அடிப்படையிலேயே தப்பு. சட்டை மாட்டும் ஆணி மாதிரி ஸ்டட்டு காரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டை இறுக்கும்போது ஸ்டட்டு மயிரிழை அளவு நீள்கிறது. நீண்ட ஸ்பிரிங் போலச் சுருங்கப் பார்த்து, சக்கரத்தை ஹப்போடு சேர்த்து நெரிக்கிறது. அந்த நெரிசலில் பிறக்கும் உராய்வுதான் வண்டியின் எடையையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குகிறது. நாலில் ஒன்று போனால் அந்தப் பக்கம் பிடி தளர்கிறது, பாரம் பக்கத்து இரண்டின் தலையில் விழுகிறது. சிறிய கார் ஒன்று 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் சக்கரம் நிமிடத்துக்கு 700 தடவைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இரண்டும் கொஞ்சம் வளைந்து நிமிர்கின்றன. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிற கதைதான். கழன்று ஓடும் சக்கரம் காருக்குச் சொந்தக்காரரைத் தேடிப் போய் மோதுவதில்லை. எதிரே வரும் டூவீலர்காரரைத்தான் மோதும்.

சரி, அந்த ஒன்று ஏன் முறிந்தது? பெரும்பாலும் தானாக முறிவதில்லை, முறிக்கப்படுகிறது. நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றிப் பார்க்காமல் நேராக ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று விடுவது ஒரு காரணம். அப்போது மரை மாறி ஏறுகிறது. வீல் ஸ்பானரில் பைப்பைச் செருகி அதன் மேல் ஏறி நிற்பது இன்னொன்று. சிறிய கார்களின் நட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 70 கிலோ ஆள் அரை மீட்டர் பைப்பின் நுனியில் ஏறி நின்றால் அது 340ஐத் தாண்டும். மரை கழன்றது ஸ்டட்டுக்கா, ஏறி நின்றவருக்கா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ஒன்று முறிந்த சக்கரத்தில் மற்றவையும் அதே அடியைத் தின்றவைதான். ஆகவே அந்தச் சக்கரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம்.

இதைவிடக் கொடுமை வெல்டிங். முறிந்த துண்டை ஒட்டவைத்து 'ஸ்ட்ராங்கா இருக்கு' என்று அனுப்பிவிடுகிறார்கள். ஸ்டட்டின் வலிமையே அதைப் பக்குவமாகச் சூடாக்கிக் குளிரவைத்ததில்தான் இருக்கிறது. வெல்டிங் சூடு அந்தப் பக்குவத்தைக் கெடுத்துவிடும். ஒரு பிரியாணி விலைகூட வராத சாமானுக்கு இந்தக் கஞ்சத்தனம் எதற்கு?

எதிர்க்கோஷ்டி ஒன்றும் உண்டு: 'இதெல்லாம் வீட்டில் கைவைக்கும் வேலையா?' என்பவர்கள். பல கார்களில் இது வீட்டு வேலைதான். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, தூக்கிய பின் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். முன்சக்கரம் என்றால் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. டிஸ்க்கை எடுத்ததும் ஹப்பைச் சுற்றி, பின்னால் இடம் இருக்கும் மூலையில் பழைய ஸ்டட்டைக் கொண்டுவந்து, அழுத்தி வெளியே தள்ளும் புல்லர் போட்டால் போதும். சுத்தியலால் அடிப்போரும் உண்டு. அந்த அடியை வீல் பேரிங்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளும்.

புதிய ஸ்டட்டின் கழுத்தில் பல் பல்லாக வரி இருக்கும். அது பழைய வரியில் உட்காரும்படி பின்னாலிருந்து நுழைத்து, முன்பக்கம் கிரீஸ் தடவிய வாஷர்களை அடுக்கி, ஒரு பழைய நட்டைத் தட்டைப் பக்கம் உள்ளே பார்க்கத் திருப்பிப் போட்டு, கையால் மெதுவாக இறுக்கினால் ஸ்டட்டு தானே உள்ளே வரும். தலை ஹப்பின் முதுகோடு ஒட்டியதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். பாதியில் நின்ற ஸ்டட்டு ஓட்டத்தில் மீதி உள்ளே போகும், நட்டு தளர்ந்துவிடும். அவசரப்படும் கடைகளில் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். வீட்டில் செய்பவருக்கு அடுத்த வண்டி காத்திருக்கவில்லை.

சில வண்டிகளில் பின்னால் இடமே இருக்காது. ஹப்பைப் பிடுங்கி பேரிங்கை பிரஸ்ஸில் போட வேண்டிவரும். அங்கே வீட்டு மெக்கானிக் மரியாதையாகக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். (ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவற்றில் ஸ்டட்டுக்குப் பதில் போல்ட்டு நேராக ஹப்புக்குள் போகிறது. அவர்களுக்கு வேறு தலைவலிகள்.)

கடைசி இறுக்கு டார்க் ரெஞ்சில், எதிரெதிர் நட்டாக, கார் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு. அந்த அளவு பெரும்பாலும் காய்ந்த மரைக்கானது. எண்ணெய் தடவினால் அதே முறுக்கில் ஸ்டட்டு கூடுதலாக நீண்டுவிடும். 80, 100 கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறிய பிறகு, அதே ரெஞ்சை இன்னொரு தடவை நாலு நட்டுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும்.