முதற் சம்பளம் என்று வரும்?

செகந்திராபாத் நிலையத்தில் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இம்மாதம் ஒரு சொல் கூற விரும்புகிறோம். வேலை கிடைத்ததும், சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். அது கைக்கு வரும் நாள் எது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

நாம் அறிந்த இளைஞர் ஒருவர், ஜீடிமெட்லாவில் ஒரு தொழிற்சாலையில் 26-ஆம் தேதி சேர்ந்தார். மாதம் பிறந்தது; தோழர்கள் அனைவருக்கும் சம்பளம் வந்தது, அவருக்கு வரவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றே எண்ணினார். கேட்கவோ கூச்சம். ஊரில் தாயார் எதிர்பார்த்திருந்தார். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் 10,000 ரூபாய் கடன் வாங்கி, அதில் ஒரு பகுதியை ‘முதற் சம்பளம்’ என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தார். உண்மை பிறகே தெரிந்தது. அங்கே வருகைக் கணக்கை மாதந்தோறும் 25-ஆம் தேதியோடு முடித்துவிடுவார்கள். அவர் சேர்ந்த நாள் அடுத்த கணக்கின் முதல் நாள்! ஒரு கேள்வியில் விளங்கியிருக்க வேண்டிய செய்திக்கு, மாதம் 500 ரூபாய் வட்டி கட்டினார்.

ஆகவே, சேரும் அன்றே மூன்று செய்திகளைக் கேட்டறிதல் நலம். கணக்கு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது? பணம் என்றைக்கு வரும்? பிடித்தங்கள் யாவை? 18,000 ரூபாய்ச் சம்பளக்காரர் 30 நாள் மாதத்தின் நடுவில் சேர்ந்து 15 நாட்களுக்கே கணக்கானால், வருவது 9,000 ரூபாய். அதிலும் சேமநல நிதி முதலியவை கழியும்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. சம்பளக் கணக்கின் காலம் ஒரு மாதத்துக்கு மேற்படலாகாது என்று 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே விதித்தது. 2019-இல் இயற்றப்பெற்று, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்வாறே கூறுகிறது. நாட்கூலியை அன்றைய வேலை முடிவிலும், வாரக்கூலியை வார விடுமுறைக்கு முந்திய கடைசி வேலை நாளிலும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். நாமே விலகினாலும், விலக்கப்பட்டாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கி தீர வேண்டும். சம்பளச் சீட்டுத் தருவதும் முதலாளியின் கடமை. தேதியைக் கேட்பவர் யாரையும் சந்தேகிப்பவர் அல்லர். தம் உரிமையை அறிந்தவர்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு மாதச் செலவுக்கு வழிசெய்து பிள்ளையை அனுப்புங்கள். முதற் சம்பளத்துக்கு நாள் குறித்து நெருக்காதீர்கள். மாரேட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் முன்னரே வந்து வேரூன்றிய குடும்பத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. தெரிந்த பிள்ளை வாசலுக்கு வந்தால், “சாப்பிட்டாயா?” என்று நாம் கேட்கத் தவறுவதில்லை. இனி, “கணக்கு என்று முடிகிறது, கேட்டாயா?” என்றும் சேர்த்துக் கேட்போம்.