எல்லோரும் ஒரே அச்சாக இருந்தால்?

பசி இல்லை. போர் இல்லை. வேலையில்லாத் திண்டாட்டம் இல்லை. நோய் வந்தால் மருத்துவர் உடனே வந்துவிடுவார். இப்படிப்பட்ட ஒரு நாட்டில் குடியேற உங்களை அழைக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை: என்ன படிப்பது, என்ன வேலை செய்வது, யாருடன் பழகுவது என்பதையெல்லாம் நீங்கள் தீர்மானிக்க முடியாது. அதற்கென்று இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். போவீர்களா?

எழுத்தாளர்கள் ஐந்நூறு ஆண்டுகளாகக் கேட்டு வரும் கேள்வி இது. 1516-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் மோர் 'யுடோப்பியா' என்னும் நூலை லத்தீன் மொழியில் வெளியிட்டார். கிரேக்க மொழியிலிருந்து அவர் உண்டாக்கிய அந்தச் சொல்லுக்கு 'இல்லாத இடம்' என்று பொருள். அந்தக் கற்பனைத் தீவில் தனிச்சொத்து கிடையாது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் உழைத்தால் போதும். எவரும் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் இரண்டாம் முறை பிடிபட்டால் அடிமைத் தண்டனை! இன்ப உலகத்தின் வாசலிலேயே காவல்காரன் நிற்கிறான்.

எண்களான மனிதர்கள்

நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ரஷ்யாவில் ஒருவர் அந்தக் காவல்காரனைப் பற்றியே ஒரு நாவல் எழுதினார். அவர் யெவ்கெனி ஸமியாத்தின். கப்பல் கட்டும் பொறியாளர். 1920-21-இல் அவர் எழுதிய 'நாம்' என்ற அந்த நாவலில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்கள்தான். கதையைச் சொல்பவன் டி-503. விண்கலம் கட்டும் பொறியாளன். வீட்டுச் சுவர்களெல்லாம் கண்ணாடி. எல்லோரும் ஒரே நொடியில் எழுந்து, ஒரே நொடியில் உணவை வாயில் வைக்கிறார்கள். பழைய இலக்கியங்களிலெல்லாம் உயர்ந்தது ரயில்வே கால அட்டவணைதான் என்று டி-503 மெய்யாகவே நம்புகிறான்! சுதந்திரத்தைக் குறைத்தால் குற்றமும் அதே விகிதத்தில் குறையும் என்று கணக்கும் போட்டுக் காட்டுகிறான். கடைசியில் அரசு அறுவை சிகிச்சை செய்து மக்களின் கற்பனைத் திறனையே அகற்றிவிடுகிறது.

இந்த நாவல் 1924-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆசிரியரின் சொந்த நாட்டில் அது அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1932-இல் ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 'பிரேவ் நியூ வேர்ல்ட்' என்ற நாவலை வெளியிட்டார். இங்கே சவுக்கு இல்லை, சோதனைச்சாலை இருக்கிறது. குழந்தைகள் குப்பிகளில் வளர்க்கப்படுகின்றன. ஒரே கருமுட்டையிலிருந்து 96 பேர் வரை ஒரே அச்சாக உருவாக்கப்படுகிறார்கள். யார் அறிவாளி, யார் கூலியாள் என்பது பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அவரவர் நிலையிலேயே மகிழ்ச்சி கொள்ளத் தூக்கத்தில் பாடம் ஓதப்படுகிறது. அதையும் மீறி மனம் வாடினால் 'சோமா' என்ற மாத்திரை இருக்கிறது. வேத காலத்துப் பானத்தின் பெயரைத்தான் ஹக்ஸ்லி இதற்கு எடுத்துக்கொண்டார்.

அந்த உலகின் ஆட்சியாளர்களுள் ஒருவரான முஸ்தபா மாண்ட் முன்னாள் இயற்பியலாளர். புதிய உயிரியல் கொள்கை ஒன்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை அவரிடம் வருகிறது. அதிலுள்ள கணிதத் திறமையை மெச்சிக்கொண்டே அதை வெளியிடக் கூடாது என்று தடை விதிக்கிறார். சமுதாயம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டுமானால் விஞ்ஞானத்துக்கும் கடிவாளம் வேண்டும் என்பது அவர் வாதம்.

பாதுகாப்பு அற்பமானதா?

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஹக்ஸ்லியின் நாவல் வந்த ஆண்டில் உலகப் பொருளாதாரமே சரிந்து கிடந்தது. கோடிக்கணக்கானோர் வேலையின்றித் தவித்தார்கள். பசித்தவனிடம் போய்ச் சுதந்திரத்தின் அருமையை உபதேசிப்பது யாருக்கும் எளிது. வயிற்றுக்குச் சோறும், நோய்க்கு மருந்தும், இரவில் அச்சமின்றித் தூங்க ஓர் இடமும் கேட்பது பலவீனமல்ல, மனித உரிமை.

'ஆபத்து இருந்தாலும் சுதந்திரமே மேல்' என்று பலர் பதில் சொல்வார்கள். என் கருத்து வேறு. சுதந்திரமும் பாதுகாப்பும் தராசின் இரு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற எண்ணமே தவறு. தனித்தன்மையை அழித்துப் பெறும் பாதுகாப்பு, நாளடைவில் பாதுகாப்பாகவே இருப்பதில்லை.

இ. எம். ஃபார்ஸ்டர் 1909-இல் எழுதிய 'இயந்திரம் நிற்கிறது' என்ற சிறுகதை இதைத்தான் காட்டுகிறது. மனிதர்கள் பூமிக்கடியில், தேன்கூட்டு அறைகளில் தனித்தனியே வாழ்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் உணவு வரும்; இசை வரும்; தொலைவிலுள்ள நண்பரின் முகமும் தெரியும். எல்லாவற்றையும் தருவது ஒரு மாபெரும் இயந்திரம். நாளடைவில் அது தெய்வமாகிவிடுகிறது. அதைக் குறை கூறுவது பாவம். அதனால் அது பழுதடையத் தொடங்கும்போது அதைத் திருத்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இயந்திரம் நின்றதும் எல்லோரும் மடிகிறார்கள்.

இயற்கை சொல்லும் பாடம்

இது வெறும் கதை என்று நினைக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் அயர்லாந்தில் ஏழைகள் பெரும்பாலும் 'லம்ப்பர்' என்ற ஒரே வகை உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தார்கள். கிழங்குத் துண்டை நட்டு வளர்ப்பதால் ஒவ்வொரு செடியும் மற்றதன் நகல். நல்ல விளைச்சல், நிச்சயமான உணவு. 1845-இல் ஒரு கருகல் நோய் வந்தது. ஒரு செடியை வீழ்த்திய நோய் எல்லாச் செடிகளையும் வீழ்த்தியது. ஆட்சியாளரின் அலட்சியமும் சேர்ந்துகொள்ள, ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள்.

1970-இல் அமெரிக்க மக்காச்சோளத்திலும் இதே கதை. பெரும்பாலான வயல்களில் பயிரிட்ட கலப்பின வகைகள் ஒரே மரபுக் கூறைக் கொண்டிருந்தன. இலைக்கருகல் நோய் பரவி, நாட்டின் விளைச்சலில் சுமார் 15 சதவீதம் அழிந்தது.

கூட்டத்திலிருந்து மாறுபட்ட ஒரு செடி இன்று பயனற்றதாகத் தோன்றலாம். நாளை நோய் வரும்போது பிழைத்து நின்று இனத்தைக் காப்பது அதுவாக இருக்கக்கூடும்.

மனிதன் செடியல்லவே என்று கேட்பீர்கள். சரி, மனிதர்களிடம் நடந்த ஒன்றைப் பார்ப்போம். ஸமியாத்தின் தமது நாவலை எழுதிய அதே நகரம், பின்னர் லெனின்கிராட் எனப் பெயர் பெற்றது. அங்கே நிக்கோலாய் வவிலோவ் என்ற தாவரவியலாளர் உலகெங்கும் சுற்றிப் பயிர் விதைகளைத் திரட்டி வைத்தார். பல்வகை விதைகளே பஞ்சத்திற்கு எதிரான காப்பு என்பதை உணர்ந்தவர் அவர். ஆனால் அரசுக்கு விரைவான விளைச்சல் வேண்டும். அதைத் தருவதாக வாக்களித்த லைசென்கோ என்பவர் மரபியலையே மறுத்தார். அரசு அவர் பக்கம் நின்றது. வவிலோவ் 1940-இல் கைதாகி, 1943-இல் சிறையில் பட்டினியால் இறந்தார். பஞ்சத்தைப் போக்க உழைத்தவர் பட்டினியால் இறந்தார்! 1941 முதல் 1944 வரை நகரம் முற்றுகையிடப்பட்டபோது அவருடைய நிலையத்தின் விஞ்ஞானிகள் சிலர், கைக்கெட்டும் தூரத்தில் தானியம் இருந்தும் அதை உண்ணாமல், விதைகளைக் காத்து உயிர்விட்டார்கள். 1948-இல் அந்நாட்டில் மரபியல் அதிகாரபூர்வமாகவே ஒடுக்கப்பட்டது. அது மீண்டும் தலைதூக்க ஏறக்குறைய 16 ஆண்டுகள் ஆயின.

'இது தவறு' என்று சொல்லும் குரலை அடைத்ததால் அந்த நாடு பாதுகாப்புப் பெற்றதா? இல்லை, தன் தவற்றைத் திருத்திக்கொள்ளும் வழியை இழந்தது.

எப்படி அளப்பது?

அப்படியானால் கட்டுப்பாடே கூடாதா? சாலையில் சிவப்பு விளக்கைக் கண்டு நிற்கிறோம். பெரியம்மையை உலகிலிருந்தே ஒழித்துவிட்டதாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அது கோடிக்கணக்கானோர் தடுப்பூசித் திட்டத்தில் ஒன்றுபட்டதால் கிட்டிய வெற்றி. இவையும் கட்டுப்பாடுகள்தாம். ஆனால் இவற்றின் காரணத்தை யாரும் கேட்கலாம், சான்றைச் சோதிக்கலாம், குறை கண்டால் மாற்றலாம். ஸமியாத்தினின் கண்ணாடி நகரத்தில் அது முடியாது. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்கள் பாதுகாப்புக்காக என்று ஒரு விதி வரும்போது, அல்லது நீங்கள் எதைப் பார்க்கலாம், எதை விரும்பலாம் என்று ஒரு கைப்பேசி உங்களுக்காகத் தேர்ந்தெடுத்துத் தரும்போது, கீழ்ப்படிவதற்கோ எதிர்ப்பதற்கோ முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: 'இது தவறாகிப்போனால், தவறு என்று சொல்ல இங்கே யாருக்காவது இடமுண்டா?'

உண்டு என்றால் நம்பிக்கையோடு ஒத்துழையுங்கள். இல்லை என்றால், அந்த நாடு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், குடியேறுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.