திரையின் பிரகாசத்தை வாசலில் எழுதுங்கள்

இருக்கையின் சொகுசைப் பற்றியும் ஒலியமைப்பின் நவீனத்தைப் பற்றியும் சினிமாக் கொட்டகைகளின் விளம்பரங்கள் விஸ்தாரமாகப் பேசுகின்றன. ஆனால் எந்தத் திரையைப் பார்ப்பதற்காக ஜனங்கள் பணம் கொடுத்து உள்ளே வருகிறார்களோ, அந்தத் திரையின் பிரகாசம் எவ்வளவு என்று சொல்லும் விளம்பரத்தைக் காண்பது அரிது. இது அளக்க இயலாத விஷயமன்று. கையடக்கமான ஒரு கருவியைத் திரையை நோக்கிப் பிடித்தால் கணப்பொழுதில் தெரிந்துவிடும். அந்த எண்ணை வாசலில் எழுதி வைக்க வேண்டும், அதையும் உலகம் ஒப்புக்கொண்ட ஒரே அலகில் எழுதி வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அலகைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. விளக்கிலிருந்து புறப்படும் ஒளி முழுவதையும் லூமென் என்றும், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் வந்து விழும் லூமென்களை லக்ஸ் என்றும், அந்தப் பரப்பு நம் கண்ணை நோக்கித் திருப்பி அனுப்பும் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டிலா, அதாவது நிட், என்றும் சொல்கிறோம். புரொஜெக்டரின் பெட்டியில் அச்சிட்டிருப்பது லூமென். கைபேசி விளம்பரத்தில் முழங்குவது நிட். இரண்டும் ஒன்றே என்று எண்ணி ஒப்பிடுகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். 3,000 லூமென் புரொஜெக்டரின் ஒளி முழுவதும் 6 சதுர மீட்டர் திரையில் விழுந்தால் அங்கே 500 லக்ஸ் உண்டாகும். திரை மாசற்ற வெண்மையுடன் எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிதறடிப்பதாயின், அதன் பிரகாசம் ஏறக்குறைய 160 நிட். திரையின் பரப்பை இரட்டிப்பாக்கினால் லூமென் மாறாது, பிரகாசமோ பாதியாகிவிடும். பெட்டியில் உள்ள எண் இதைச் சொல்வதேயில்லை.

500 லக்ஸ் எப்படி 160 நிட் ஆகிறது என்பதில்தான் இந்தக் கணக்கின் அழகு இருக்கிறது. 1728-இல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்து, 1760-இல் ஒளியை அளக்கும் சாஸ்திரத்துக்கு ஒரு மகத்தான நூலை அளித்த ஜொஹான் ஹைன்ரிக் லாம்பர்ட், பளபளப்பற்ற வெண்பரப்பிலிருந்து சிதறும் ஒளியின் செறிவு, நேர்த்திசையிலிருந்து சரியச் சரியக் கொசைன் விகிதத்தில் குன்றுகிறது என்று எடுத்துரைத்தார். அவ்வாறு குன்றிச் செல்லும் ஒளியையெல்லாம் பரப்பின் முன்னுள்ள அரைக்கோளம் முழுவதும் கூட்டினால், அது பிரகாசத்தைப் போலப் பை மடங்கு, அதாவது சுமார் 3.1416 மடங்கு, ஆகிறது. ஆகவேதான் லக்ஸைப் பையால் வகுக்க நிட் கிடைக்கிறது.

இந்த வகுத்தலைத் தொழிலறிஞர்கள் ஒரு தொல்லையாகக் கருதினார்கள். ஒரு சதுர அடியில் ஒரு லூமென் விழும்போது பூரண வெண்பரப்பு காட்டும் பிரகாசத்தையே ஓர் அலகாக வைத்து, அதற்கு லாம்பர்ட்டின் பெயரையே சூட்டி, ஃபுட் லாம்பர்ட் என்றார்கள். பை மறைந்தது, ஆனால் மறைந்தது கணக்கிலன்று, அலகுக்குள்ளே. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. அதைப் பையால் வகுத்தால் 3.426. ஒரு ஃபுட் லாம்பர்ட் என்பது இத்தனை நிட். பிலிம் காலத்தில், பிலிம் இல்லாத வெற்றொளிக்கு அமெரிக்கத் திரைப்படப் பொறியாளர்கள் விதித்த 16 ஃபுட் லாம்பர்ட் சுமார் 55 நிட்டும், டிஜிட்டல் சினிமாவுக்கு வகுத்த 14 ஃபுட் லாம்பர்ட் 48 நிட்டும் ஆவது இவ்வாறுதான். இவை தவிர, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கேண்டிலாவாகிய ஸ்டில்ப், ஒரு நிட்டைப் பையால் வகுத்த அப்போஸ்டில்ப் முதலியன பழைய நூல்களில் கிடக்கின்றன, அங்கேயே கிடக்கட்டும்.

மெழுகுவர்த்தியையும் எண்ணெய் விளக்கையும் ஆளுக்கொன்றாகப் பிரமாணமாக வைத்திருந்த தேசங்கள் 1948-இல் ஒளிச்செறிவின் அலகாகக் கேண்டிலாவை ஏற்றன. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டமும் அதையே அடிப்படை அலகாக வகுத்திருக்கிறது. அப்படியிருக்கச் சினிமாத் தொழிலில் மட்டும் அடிக்கணக்கு நீடிப்பது நியாயமன்று. கைபேசி விற்பவர்களும், திரையின் ஒரு சிறு பகுதி சில நொடிகள் எட்டும் உச்சத்தை மாத்திரம் பெரிய எழுத்தில் போடாமல், திரை முழுவதும் வெண்மையாக இருக்கையில் நிலைத்து நிற்கும் நிட்டையும் அருகிலேயே போட வேண்டும்.

கொட்டகை விஷயத்தில் இது இன்னும் அவசரமானது. 60 சதுர மீட்டர் திரை 48 நிட் காட்ட வேண்டுமானால், சாதாரண வெண்திரைக்குச் சுமார் 9,000 லூமென் வந்து விழ வேண்டும். செனான் விளக்கோ உழைக்க உழைக்க மங்குகிறது. திரையில் தூசி படிகிறது. முப்பரிமாணப் படங்களில் கண்ணாடி வேறு ஒளியைப் பெருமளவு விழுங்கிவிடுகிறது. நிறுவிய நாளில் அளந்த எண் பின்னாளில் செல்லாது. கொட்டகையின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கட்டடத்தையும் மின்சார இணைப்புகளையும் பார்வையிடும் அதிகாரிகள், திரையின் மத்தியிலும் நான்கு மூலைகளிலும் பிரகாசத்தை அளந்து, அளந்த தேதியோடு நிட் கணக்கில் சான்றளிக்கட்டும். அந்தச் சான்று டிக்கெட் விற்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்கட்டும்.