பதினோரு ஆண்டு படித்தும் வாயில் நிற்காத ஆங்கிலம்

மலேசியாவின் கிள்ளான் நகரில் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடைகளில் நிற்கும் தமிழ் இளைஞர்களிடம் ஆங்கிலம் வருமா என்று கேட்டால், “கொஞ்சம் கொஞ்சம்” என்று கூச்சப்படுவார்கள். ஆனால் சீன வாடிக்கையாளர் வந்தால் “யூ வான்ட் ஆ?”, “கேன் லா”, “வேர் காட்?” என்று பேரம் சரளமாக நடக்கும். அந்த ‘ஆ’வை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, ‘வேணுமா’வின் கடைசி ஒலி செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. மங்கிலீஷ் எனப்படும் இந்த மலேசியப் பேச்சு ஆங்கிலத்தைக் கேலி செய்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அதற்கும் முறையான வாக்கிய அமைப்புகள் உண்டு. காதில் விழுந்து விழுந்தே அவை வாயில் படிந்துவிட்டன.

சிக்கல் நேர்முகத் தேர்வு அறையிலும் வங்கிக் கவுண்டரிலும் தொடங்குகிறது. “குட் யூ ப்ளீஸ்...”, “ஐ வுட் லைக் டு...” என்று ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு ஆங்கிலம் படித்த பிறகும் இந்த நிலை.

இந்தச் சிக்கல் புதிதல்ல. ஆங்கிலம் இங்குள்ள தமிழரை ஒரு காலத்தில் இரண்டாகவே பிரித்து வைத்திருந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்கள் ரயில்வே எழுத்தர்களாக வந்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. அதற்கு மேலே ஏணி இல்லை. பேனா பிடிப்பவர் யார், பால் மரம் சீவுபவர் யார் என்பதைப் பெரும்பாலும் ஆங்கிலமே முடிவு செய்தது.

அந்த ஏணியை எப்படிக் கட்டுவது? வாக்கிய அமைப்புகளைச் சொல்லிக்கொடுத்தால் பேச்சு வந்துவிடும் என்று தமிழகம் முன்பே நம்பியது. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில், அமைப்பு வழியில் ஆங்கிலம் கற்பிக்க, பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. பனிப்பந்து உருண்டு பெருப்பதுபோல் ஒருவர் பலருக்குச் சொல்லித்தருவது திட்டம். ஆனால் இத்தகைய பயிற்சி, யாருக்கும் தேவைப்படாத “திஸ் இஸ் எ புக்” என்ற கோரஸாக எளிதில் சுருங்கிவிடும். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டே இது புத்தகம் என்று யார் யாரிடம் சொல்வார்கள்? ஆங்கிலக் கல்வியாளர் என்.எஸ். பிரபு 1979இல் பெங்களூரில் தொடங்கிய திட்டம் இதற்கு நேர்மாறானது: மாணவருக்கு ஒரு வேலையைக் கொடு, அதை முடிக்கும் முயற்சியில் மொழி வரட்டும் என்றது.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இரண்டும் சேர்ந்த வழி பொருந்தும். அமைப்புகள் வேண்டும், ஆனால் தேவைப்படும் இடத்தோடு ஒட்டியே வேண்டும். கிளினிக்கில் “ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் சின்ஸ் மண்டே”, கேஎல் சென்ட்ரலில் “குட் யூ டெல் மீ விச் பிளாட்ஃபார்ம்...” என இருவர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பழக வேண்டும். ‘மண்டே’யை எடுத்துவிட்டு ‘லாஸ்ட் வீக்’ போட்டால் அதே அமைப்பு இன்னொரு வாக்கியத்தையும் தாங்கும். நாற்பது ஐம்பது அமைப்புகள் இப்படிப் படிந்தால் அன்றாடம் ஓடிவிடும். ஏற்கெனவே பேசும் மங்கிலீஷை விட்டுவிடவும் தேவையில்லை. கடைக்கு அது, கவுண்டருக்கு இது.

2021 முதல் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் ஆங்கிலத்தில் பேச்சுக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. கோயில்களிலும் சங்கங்களிலும் வார இறுதி டியூஷன் நடத்துபவர்கள் இலக்கணப் பயிற்சித்தாளை அரை மணி நேரம் மூடிவைத்து, பிள்ளைகளை எழுந்து நின்று பேச விடட்டும்.