வரி கட்டியாகிவிட்டது, படிக்க வேண்டாமா?

கோடை விடுமுறையில் ஏட்டைத் தொடாத பிள்ளைக்கு ஜூன் மாதத்தில் வாசிப்புத் தட்டுத் தடுமாறும். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கமானாலும் சரி, பட்டணமானாலும் சரி, இது எல்லா வீட்டுக் கவலை.

“புத்தகம் வாங்கக் காசு ஏது?” என்பார்கள். காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டதே! வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. 1948-ம் ஆண்டுச் சட்டம் செய்த ஏற்பாடு இது. சிறிய காப்புத் தொகை கட்டி உறுப்பினரானால், நூலகப் புத்தகம் வீட்டுக்கே வரும்.

என்ன கேட்பது?

பிள்ளைகளுக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடியை வைத்து எழுதிய கதை. 2023-ல் பால சாகித்ய விருது பெற்றது.

பெரியவர்களுக்குத் தேவிபாரதியின் நாவல் ‘நீர்வழிப் படூஉம்’. தலைப்பைக் கண்டு மிரள வேண்டாம்; அது புறநானூற்றுச் சொல். உள்ளே இருப்பது கொங்கு நாட்டு நாவிதர் குடும்பத்தின் கதை.

உண்மைச் சரித்திரம் வேண்டுமா? ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ இருக்கிறது. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். இந்த நூலுக்கு 2024-ம் ஆண்டு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. கொஞ்சம் கனமான புத்தகம்தான். நிதானமாகப் படிக்க வேண்டும்.

நீளமாகப் படிக்க முடியாதவர்களுக்கு, அறிவியல் இயக்கம் 1987-ல் தொடங்கிய சிறுவர் மாத இதழ் ‘துளிர்’ ஏற்றது.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒரு வழி உண்டு. பிள்ளை உரக்கப் படிக்கட்டும். நூல் சுற்றும்போது கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே இருக்கிறது!

கேட்ட புத்தகம் நூலகத்தில் இல்லையா? நூலகரிடம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.